சங்கத்தில் சேர்ந்தால் பாக்கி வசூலாகுமா?

கேள்வி (சுருக்கம்)

கோவில்பட்டி வட்டாரத்தில் கடலைமிட்டாயும் எள்ளுருண்டையும் தயாரிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மாமனார் நடத்திவந்த சிறிய கூடத்தை ஏற்று நடத்தி, இன்று 14 பேருக்கு வேலை கொடுக்கிறார். 2022-லேயே குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்திருக்கிறார், குறுந்தொழில் பிரிவு. ஜிஎஸ்டி எண்ணும் உண்டு. சென்னையில் உள்ள மொத்த வியாபாரி ஒருவர் கடந்த ஆண்டு அனுப்பிய சரக்குக்கு, நான்கு பில் சேர்த்து 6,80,000 ரூபாய் தர வேண்டும். ஏழு மாதம் ஆகிவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. "60 நாளில் போட்டுவிடுகிறேன்" என்பது வாய்ப்பேச்சு. இன்று நாளை என்று இழுத்தவர், இப்போது "சரக்கில் சிக்கு வாடை அடிக்கிறது என்று கடைக்காரர்கள் திருப்பிவிட்டார்கள்" என்கிறார். அதையும் போனில்தான் சொல்கிறார்.

இந்த நேரத்தில் வாசகியின் சித்தப்பா, பக்கத்து நகரத்துத் தொழில் வர்த்தக சங்கத்தில், அதாவது ஊர் வழக்கில் சேம்பரில், உறுப்பினராகச் சொல்கிறார். "சேம்பர் லெட்டர்பேடில் ஒரு கடிதம் போனால் மறுநாளே பணம் வந்துவிடும், அது அரசாங்க அமைப்பு மாதிரி" என்பது அவர் வாதம். மாமனாரோ, "அது பொன்னாடை போடுகிற இடம், நன்கொடை ரசீதோடு வீட்டுக்கு வருவார்கள், கணக்கெல்லாம் அதிகாரிகளுக்குப் போய்விடும்" என்கிறார். வாசகி விருந்தினராக ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அறையில் அவர் ஒருவர்தான் பெண். கூட்டம் முடிந்ததும் ஊர்க் கண்மாயைத் தூர்வார 10,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள், "சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) என்று கணக்கு காட்டிக்கொள்ளலாம்" என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அவருடைய கேள்விகள் இவை. சங்கம் என் பணத்தை வாங்கித் தருமா? பணம் தராதவர்களின் பெயரைச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட முடியுமா? கிலோவுக்கு இவ்வளவுக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்று சங்கம் விலை கட்டினால் என்ன? துபாயில் இருந்து ஒருவர் சரக்கு கேட்டு, சேம்பர் முத்திரையோடு சான்றிதழ் வேண்டும் என்கிறார், அதற்காகவாவது சேர வேண்டுமா? கண்மாய்க்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்

உங்கள் சித்தப்பா சொல்வதும் சரியில்லை, மாமனார் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. பொன்னாடை விஷயத்தில் மட்டும் மாமனாரோடு எனக்குச் சண்டை இல்லை.

முதலில், சேம்பர் அரசாங்க அமைப்பு அல்ல. ஜெர்மனியில் ஒரு தொழில் நடத்தினாலே அந்தப் பகுதிச் சேம்பரில் உறுப்பினராக வேண்டும் என்பது சட்டம். நம் நாட்டில் அப்படி இல்லை. வியாபாரிகளும் தொழில் நடத்துகிறவர்களும் தாங்களாகச் சேர்ந்து வைத்துக்கொண்ட அமைப்புதான் இங்கே சேம்பர். சென்னையில் 1836-ல் மெட்ராஸ் சேம்பரைத் தொடங்கியவர்கள் ஐரோப்பிய வியாபாரிகள். அங்கே தங்கள் குரல் எடுபடாது என்று உணர்ந்த இந்திய வியாபாரிகள் 1909-ல் தென்னிந்திய வர்த்தக சங்கத்தை உருவாக்கினார்கள். உங்களுக்குப் பக்கத்தில் மதுரையில் இருக்கும் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் 1924-ல் மதுரை–ராமநாதபுரம் சேம்பராகத் தொடங்கியது. சட்டத்தின் கண்ணில் இவை சங்கப் பதிவுச் சட்டத்திலோ, லாப நோக்கில்லாத நிறுவனமாகக் கம்பெனிச் சட்டத்திலோ பதிவான தனியார் அமைப்புகள். யாருக்கும் சம்மன் அனுப்பவோ, யாருடைய கணக்கையும் முடக்கவோ, வசூலித்துத் தரவோ அதிகாரம் கிடையாது. அதே காரணத்தால் உங்கள் கணக்கை வரி அதிகாரிக்கு அனுப்பும் கடமையும் கிடையாது. ஜிஎஸ்டியில் மாதாமாதம் கணக்குக் கொடுக்கும் உங்களைப் பற்றிச் சேம்பர் போய் அரசிடம் சொல்லப் புதுச் செய்தி எதுவும் இல்லை.

உங்கள் பாக்கிக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது

6,80,000 ரூபாய்க்கு நீங்கள் போக வேண்டிய இடம் சங்கம் அல்ல. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006 இதற்கென்றே வந்தது. அதன்படி எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால், வாங்கியவர் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாளைக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. "60 நாள்தானே பேசினோம், அதற்கு முன்னால் கேட்க எனக்கு உரிமை இல்லையே" என்று கடிதத்தில் தயங்கியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். அறுபது நாள் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது.

கெடு தாண்டிய நாளிலிருந்து வட்டி ஓடும். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. கணக்குக்கு வசதியாக வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 18 சதவீதம். உங்கள் தொகைக்கு முதல் மாதமே சுமார் 10,200 ரூபாய். அவர் உங்களிடம் வட்டியில்லாக் கடனாக இந்தப் பணத்தை வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறார். இந்தக் கணக்கைத் தாளில் காட்டினால் பேச்சின் தொனி மாறும்.

சிக்கு வாடைக் கதைக்கு வருவோம். சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் அதைச் சரக்கு வந்த 15 நாளைக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏழு மாதம் கழித்து போனில் சொல்வதற்கு மதிப்பு குறைவு. ஆனால் ஒரு எச்சரிக்கை. அவர் அப்போது வாட்ஸ்அப்பில் ஏதாவது புகார் அனுப்பி, நீங்கள் "சரி பார்க்கிறேன், அடுத்த லோடில் கழித்துக்கொள்ளலாம்" என்று பதில் போட்டிருந்தால், அது உங்களுக்கு எதிராக வரும். பழைய உரையாடலை முழுக்கப் பாருங்கள். எதையும் அழிக்காதீர்கள், உங்களுக்குச் சாதகமில்லாததையும்.

விண்ணப்பிக்க வேண்டிய இடம் குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றம். தமிழகத்தில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை என்று நான்கு மண்டல மன்றங்கள் இருக்கின்றன. விற்றவர் எங்கே இருக்கிறாரோ அந்தப் பகுதி மன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு. ஆகவே உங்களுக்கு மதுரை. வாங்கியவர் சென்னையில் இருக்கிறார் என்பதற்காக நீங்கள் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. விண்ணப்பம் இணையத்திலேயே போடலாம். முதலில் சமரசப் பேச்சு, அது முறிந்தால் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து, அவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போக நினைத்தால், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். சும்மா இழுத்தடிக்கப் போகிறவருக்கு அந்த ஒரு விதி போதும்.

உத்யம் பதிவை சரக்கு அனுப்பும் முன்பே செய்தது உங்களுக்குப் பெரிய பலம். பதிவுக்கு முன் அனுப்பிய சரக்குக்கு இந்தச் சட்டத்தின் பலன் கிடையாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. உங்கள் பில்கள் எல்லாம் பதிவுக்குப் பிந்தியவை, அதனால் இந்தச் சிக்கலே உங்களுக்கு இல்லை. நீங்கள் தயாரிப்பாளர் என்பதும் முக்கியம். வாங்கி விற்கும் வியாபாரிகளும் 2021-லிருந்து உத்யம் பதிவு செய்யலாம், ஆனால் அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. தாமதப் பணத்துக்கான இந்தப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்காது. உங்கள் உறவினர்களில் கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மன்றத்துக்கு ஓட வேண்டாம்.

இன்னொரு பிடியும் உண்டு. 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி (எச்) என்ற விதியை 2024–25 கணக்கீட்டு ஆண்டிலிருந்து கொண்டுவந்தார்கள். குறு, சிறு தொழில் நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராமல் மார்ச் 31-ஐயும் தாண்டினால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. அவர் உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். அதாவது உங்களுக்குத் தராத 6,80,000 ரூபாய்க்கு அவர் வரி கட்டுவார். இதை அவருடைய ஆடிட்டர் நன்றாகப் புரிந்துகொள்வார். நீங்கள் அனுப்பும் கடிதத்தில் உத்யம் எண்ணை எழுதி, இந்த விதியை ஒரே வரியில் மரியாதையாகக் குறிப்பிட்டால் போதும். இதன் பக்கவிளைவையும் சொல்லிவிட வேண்டும். இந்த விதி வந்தபின், உத்யம் பதிவில்லாதவரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று சில வியாபாரிகள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். உங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒருவரிடம் போகிறது என்கிறீர்கள். அவர் போனால் வலிக்கும்தான். ஆனால் பணம் தராதவருக்குப் போகும் சரக்கை விற்பனை என்று எழுதி வைத்திருப்பது நோட்டுக்கு மட்டும்தான் அழகு.

பெயரைப் போடுவதும் விலை கட்டுவதும்

இரண்டுமே வேண்டாம். கோபம் புரிகிறது, ஆனால் சட்டப்படி இரண்டிலும் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

"இவர் ஏமாற்றுக்காரர், யாரும் சரக்கு கொடுக்காதீர்கள்" என்று படத்தோடு முந்நூறு பேர் குழுவில் போட்டால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்குப் போட அவருக்கு வழி கிடைக்கும். சொன்னது உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்று வாதாடலாம். அந்த வாதத்தைச் சென்னை நீதிமன்றத்தில் போய்த்தான் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்குப் பணம் தர வேண்டியவர், அதைச் சாக்காக வைத்துச் சமரசம் பேசக் கூப்பிடுவார். யாராவது உறுப்பினர் உங்களிடம் தனியாக "அவரிடம் கொடுக்கல் வாங்கல் எப்படி?" என்று கேட்டால், "எனக்கு நான்கு பில் பாக்கி, மன்றத்தில் விண்ணப்பித்திருக்கிறேன்" என்று உள்ளதை மட்டும் சொல்லுங்கள். சேம்பரில் சேர்வதால் கிடைக்கும் நல்ல பலன்களில் இந்தத் தனிப்பேச்சும் ஒன்று. கூட்டம் முடிந்து காபி குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், யார் நாணயமானவர், யார் இழுப்பார் என்று மேடையில் பேசாததெல்லாம் தெரிந்துவிடும்.

விலை விஷயம் இன்னும் ஆபத்து. "கிலோவுக்கு இதற்குக் கீழே விற்காதே" என்று போட்டியாளர்கள் கூடிப் பேசினால் அது போட்டிச் சட்டம், 2002-இன் மூன்றாம் பிரிவில் வரும் கூட்டுச் சதி. சங்கத்தின் பெயரில் செய்தாலும் அதேதான். கார்ட்டெல், அதாவது இப்படிப்பட்ட விலைக் கூட்டு என்று உறுதியானால், அந்தக் கூட்டு நீடித்த ஒவ்வொரு வருடத்து லாபத்தின் மூன்று மடங்கோ, விற்றுமுதலில் 10 சதவீதமோ, எது அதிகமோ அதுவரை அபராதம் போடலாம். பொறுப்பாளர்களையும் தனித்தனியே பிடிக்கலாம். மருந்துக் கடைச் சங்கங்கள் "எங்கள் தடையில்லாச் சான்று இல்லாமல் புதிய மொத்த வியாபாரியை நியமிக்கக் கூடாது" என்று வைத்திருந்த வழக்கத்துக்கு எதிராகப் போட்டி ஆணையம் பல உத்தரவுகள் போட்டிருக்கிறது. சிறியவர்கள் தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் போடுவார்கள். அந்தக் குழுவே ஆதாரம். நீங்கள் கூட்டத்தில் இருக்கும்போது அப்படிப் பேச்சு எழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள், நான் இதில் இல்லை என்று பதிவும் செய்யுங்கள்.

ஆனால் நிலக்கடலையையும் வெல்லத்தையும் பத்துப் பேர் சேர்ந்து மொத்தமாக வாங்குவது, பரிசோதனைக்கூடக் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வது, பொதுவாக ஒரு பேக்கிங் இயந்திரம் வைப்பது, இதெல்லாம் வேறு. செலவைக் குறைக்கும் கூட்டு முயற்சிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் தொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மானியம் தருகின்றன. அதைத் தனி ஆளாகக் கேட்க முடியாது, குழுவாகத்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் சங்கம் எதற்கு?

இங்கேதான் மாமனாரோடு நான் வேறுபடுகிறேன். ஒருவருடைய வழக்குக்குச் சங்கம் உதவாது. ஐம்பது பேருக்கு ஒரே மாதிரி வரும் தொல்லைக்குச் சங்கத்தை விட்டால் வேறு வழி இல்லை. உங்கள் பெட்டியிலேயே இதற்கு ஆதாரம் அச்சாகியிருக்கிறது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எப்படி? அந்த வட்டாரத்து உற்பத்தியாளர், விற்பனையாளர் சங்கம் 2014-ல் விண்ணப்பித்து, 2020 ஏப்ரலில் வாங்கியது. புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் தனி மனிதர் விண்ணப்பிக்கவே முடியாது, உற்பத்தியாளர்களின் நலனுக்கான ஓர் அமைப்புதான் கேட்க வேண்டும். (அந்த முத்திரையைப் பெட்டியில் போட நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துவோராகத் தனியே பதிவு செய்திருக்க வேண்டும். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. செய்யவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.)

உங்கள் ஊர்த் தீப்பெட்டிக்காரர்களைக் கேளுங்கள். வெளிநாட்டு பிளாஸ்டிக் லைட்டர் வந்து தொழிலை அடிக்கிறது என்று அவர்களின் சங்கங்கள் வருடக்கணக்கில் மனு கொடுத்தன. 2023 ஜூன் மாதம், ஒன்று 20 ரூபாய்க்குக் கீழ் விலையில் வரும் லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. ஒரு தீப்பெட்டி ஆலை முதலாளி தனியாக டெல்லிக்குப் போயிருந்தால் வாசலிலேயே திருப்பியிருப்பார்கள்.

எல்லாம் வெற்றிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். கோவை வெட் கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. அங்குள்ள சங்கங்கள் போராடி 2017 நவம்பரில் 12 ஆக்கின, 2019 அக்டோபரில் 5 ஆனது. 2022 ஜூலையில் 18-க்குத் தூக்கிவிட்டார்கள். சங்கம் வாங்கித் தரும் சலுகை இப்படித்தான், வரும், போகும், மறுபடி மனுவோடு நிற்க வேண்டும். அதற்குச் சம்பளத்துக்கு ஒரு செயலாளர், கணக்குப் போட்டுத் தர ஒரு ஆடிட்டர், பழைய மனுக்களின் கோப்பு, இவை இருக்கிற அமைப்பால்தான் முடியும். சந்தா அதற்குத்தான் போகிறது, போக வேண்டும்.

உங்கள் சித்தப்பாவுக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும். சேம்பரில் விற்பவரும் உறுப்பினர், வாங்குபவரும் உறுப்பினர். நான் மேலே சொன்ன 43பி (எச்) விதி வந்தபோது சிறு உற்பத்தியாளர்கள் வரவேற்றார்கள், அதைத் தள்ளி வையுங்கள் என்று சில வணிக அமைப்புகள் கோரிக்கை வைத்தன. இரண்டு பக்கத்துக்கும் அவரவர் நியாயம். இப்படிப்பட்ட அமைப்பில் உங்கள் பாக்கிதாரரோ, அவருடைய மாப்பிள்ளையோ செயற்குழுவில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு எதிராகக் கடிதம் எழுதச் சொன்னால் தலைவர் நெளிவார். நெளிவதில் தப்பும் இல்லை. சில சேம்பர்கள் நடுவர் வசதி வைத்திருக்கின்றன, ஆனால் இரண்டு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால்தான் அது நடக்கும். இனிமேல் போடும் ஒப்பந்தங்களில் வேண்டுமானால் யோசிக்கலாம். இந்தப் பாக்கிக்கு மன்றமே நல்லது.

உங்கள் தொழிலுக்கு மூன்று வகை அமைப்பும் இருக்கிறது. கடைத்தெரு வணிகர் சங்கம் ஒன்று: கடையடைப்பு, நகராட்சி வாடகை, வாகன நிறுத்தம் போன்றவை அதன் வேலை. உங்கள் பொருளுக்கான சங்கம் இன்னொன்று: புவிசார் குறியீடு, தரம், மூலப்பொருள். மூன்றாவது சேம்பர்: மின்கட்டணம், வரி, சரக்குப் போக்குவரத்து, ஏற்றுமதி என்று எல்லாத் தொழிலுக்கும் பொதுவானவை. பணமும் நேரமும் ஒன்றுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், நான் கடலைமிட்டாய்க்காரர்களின் சங்கத்தைத்தான் முதலில் சொல்வேன். ஏற்றுமதி நிஜமாக ஆரம்பித்தால் சேம்பர்.

துபாய்ச் சான்றிதழ்

அவர் கேட்பது எந்தச் சான்றிதழ் என்று முதலில் எழுதிக் கேளுங்கள். பொருள் இந்தியாவில் தயாரானது என்று மட்டும் சொல்லும் சாதாரண உற்பத்தி நாட்டுச் சான்றிதழை, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த சேம்பர்கள் வழங்கும். இப்போது அது இணையவழியில் நடக்கிறது. பல சேம்பர்கள் உறுப்பினர் அல்லாதவருக்கும் தருகின்றன, அதனால் அதற்காக மட்டும் சேர வேண்டியதில்லை. ஆனால் 2022 மே 1 முதல் இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் இடையே விரிவான வர்த்தக ஒப்பந்தம் அமலில் இருக்கிறது. அதன்படி சுங்கச் சலுகை வேண்டுமென்றால் தேவைப்படுவது வேறு சான்றிதழ், அதை ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சில் போன்ற அரசு அங்கீகரித்த முகமைகள் தரும். சேம்பர் முத்திரை அதற்குச் செல்லாது. இதில் குழம்பி, சரக்கு துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் நிற்கும்போது தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு.

அதற்கு முன் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், ஏற்றுமதியாளருக்கான மத்திய உணவுப் பாதுகாப்பு உரிமம், வேளாண் பொருள் ஏற்றுமதிக்கான மத்திய அமைப்பான அபீடாவில் பதிவு, நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சு வரம்பைத் தாண்டவில்லை என்ற பரிசோதனை எல்லாம் வேண்டும். முதல் லோடுக்கு முன்பணம் வாங்காமல் அனுப்பாதீர்கள். சென்னையில் இருப்பவரிடமே வசூலிக்க இவ்வளவு பாடு என்றால், துபாய்க்காரருக்கு 2006-ஆம் வருடச் சட்டம் எட்டாது.

கண்மாய்ப் பணம்

நீங்கள் இதை மிரட்டிக் கேட்பது போல எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டார்கள், நீங்கள் யோசிக்கிறேன் என்றீர்கள், விட்டுவிட்டார்கள். ஊருக்குச் செய்வது நம் பக்கத்துச் சங்கங்களுக்குப் பழைய பழக்கம். கோவையில் சிறுதொழில் நடத்துகிறவர்கள் 1969-ல் தொடங்கிய கொடிசியா தனக்கென்று கண்காட்சி வளாகம் கட்டியதோடு நிற்கவில்லை, நகரத்துக்குப் புத்தகத் திருவிழாவும் நடத்துகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அப்படிக் கண்மாய் உடைந்தால் கூடத்தில் அடுக்கிய வெல்லமும் போகும், வேலைக்கு வரும் பெண்களின் வீடும் போகும். தூர்வாருவதில் உங்களுக்கும் சொந்த லாபம் இருக்கிறது.

ஆனால் சிஎஸ்ஆர் என்று சொன்னது தப்பு. கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின் அந்தக் கடமை, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றையாவது தொடும் கம்பெனிகளுக்கு. நீங்கள் கம்பெனியே அல்ல, தனிநபர் உரிமை. கொடுத்தால் அது நன்கொடை. வாங்குகிற அமைப்புக்கு 80ஜி அங்கீகாரம் இருந்து, நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும் கழிவு கிடைக்கும். சங்கத்தின் பொதுக்கணக்கில் போடாமல் கண்மாய்க்கென்று தனிக் கணக்கு இருக்கிறதா, நீர்வளத் துறையிடமோ ஊராட்சியிடமோ அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், 10,000 என்பது சட்டம் அல்ல. இந்த மாதம் கையில் காசு இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். உறுப்பினர் ஆவதற்கு நன்கொடை நிபந்தனை என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் சேர வேண்டாம்.

சேர்வதென்றால்

விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சிறு உறுப்பினருக்கும் ஓட்டு உண்டா, பொறுப்பாளர்கள் எத்தனை முறை தொடரலாம், தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழுவில் வைக்கிறார்களா என்று பாருங்கள். கடந்த ஆண்டு எந்தெந்தத் துறைக்கு என்ன மனு கொடுத்தார்கள், பதில் என்ன வந்தது என்று செயலாளரைக் கேளுங்கள். கோப்பை எடுத்துக் காட்டினால் நல்ல சங்கம். விழாப் புகைப்பட ஆல்பத்தை எடுத்துக் காட்டினால், உங்கள் மாமனார் சொன்னது அந்தச் சங்கத்தைப் பொறுத்தவரை உண்மை.

அறையில் ஒரே பெண்ணாக உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சேர்ந்தவுடன் "மகளிர் பிரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அன்போடு ஒதுக்கிவிடப் பார்ப்பார்கள். அதிலும் இருங்கள், ஆனால் வரிக் குழுவிலோ ஏற்றுமதிக் குழுவிலோ ஒரு இடம் கேளுங்கள். 14 பேருக்குச் சம்பளம் போடுகிற ஆளுக்கு ஜிஎஸ்டி பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

வரிசை இதுதான். முதலில் நான்கு பில், லாரி ரசீது, இ-வே பில், அவர் கையெழுத்துப் போட்ட டெலிவரி சீட்டு, வங்கிக் கணக்கு, உத்யம் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மதுரை மன்றத்தில் விண்ணப்பியுங்கள். சாதாரணமாகப் பண வழக்குக்குக் காலக்கெடு மூன்று வருடம், ஆனாலும் அவ்வளவு காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. விண்ணப்பம் போன பிறகு அவர் தவணையில் தருகிறேன் என்று வந்தால் ஒத்துக்கொள்ளலாம். தேதி போட்ட காசோலைகளோடு, மன்றத்தின் முன்னிலையில் எழுதிக் கையெழுத்தானால்தான். முதல் தவணை வந்த சந்தோஷத்தில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிடாதீர்கள்.